விளக்கு எரிகிறது, நெட்வொர்க் வரவில்லை: ஸ்விட்ச் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் ஏதோ கோளாறு என்றதும் பலருக்கும் முதலில் கை போவது மின் இணைப்பைப் பிடுங்கத்தான். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. சில நேரம் சரியாகியும் விடுகிறது. வினையே அங்கேதான் தொடங்குகிறது. அணைத்த நொடியில் மேக் முகவரிப் பட்டியல், அதாவது எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறது என்ற குறிப்பு, அழிகிறது. ஒவ்வொரு போர்ட்டும் சேர்த்துவைத்திருந்த பிழைக் கணக்கு பூஜ்யமாகிறது. நினைவகத்தில் இருந்த லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகள் போய்விடுகின்றன. யாராவது ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுச் சேமிக்காமல் விட்டிருந்தால் அதுவும் போய்விடும். என்ன நடந்தது என்பதற்கான தடயம் எதுவும் மிஞ்சாது. அதே கோளாறு அடுத்த வாரம் திரும்ப வரும்போது மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்துப் பேர் சுற்றி நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும்போது நிதானமாக இருப்பது கடினம் என்பது தெரியும். ஆனாலும் எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் படியுங்கள். ஒரு கேபிளுக்கு இரண்டு முனை உண்டு; ஒரு முனையில் தெரிவது பாதிக் கதைதான். எதிர்முனை ஸ்விட்சிலோ சர்வரிலோ என்ன தெரிகிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வந்தால், பெரும்பாலும் தவறான கேபிளைத்தான் மாற்றிக்கொண்டிருப்போம்.

கீழே வரும் கட்டளைகள் சிஸ்கோ பாணியில் இருக்கின்றன. வேறு நிறுவனத்தின் ஸ்விட்சில் சொற்கள் கொஞ்சம் மாறும். தேட வேண்டிய தகவல் மாறாது.

தொடங்கும் இடம்: எத்தனை பேருக்கு?

ஒரே ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவருடைய போர்ட், கேபிள், கணினி ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடும். ஒரு துறையினருக்கு மட்டும் வரவில்லை, பக்கத்துத் துறைக்கு வருகிறது என்றால் வீலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வழி) அமைப்பில்தான் சந்தேகம். ஒரு ஸ்விட்சில் உள்ள எல்லோருக்கும் வரவில்லை என்றால் மேலே உள்ள ஸ்விட்சுக்குச் செல்லும் அப்லிங்க் இணைப்பு. கட்டிடம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது என்றால் லூப், அதாவது கேபிள்களால் அமைந்துவிட்ட வட்டம். அதற்கான பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள், இடையில் இருப்பதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு "ஷோ லாகிங்", "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" ஆகிய இரண்டின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். லாக் வரிகளில் நேரம் சரியாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். என்டிபி (நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி) அமைக்காத ஸ்விட்சில் நேரம் எங்கோ இருக்கும். இரண்டு ஸ்விட்சுகளின் பதிவுகளை ஒப்பிட்டு எது முதலில் நடந்தது என்று சொல்லவே முடியாது.

விளக்கே எரியவில்லை

"ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" இந்த இடத்தில் மூன்று விதமாகப் பதில் சொல்லும். "நாட்கனெக்ட்" என்றால் எதிரில் எதுவும் இல்லை, அல்லது இருப்பது கேட்கவில்லை. "டிஸேபிள்ட்" என்றால் யாரோ "ஷட்டவுன்" கட்டளை கொடுத்திருக்கிறார்கள். "எர்-டிஸேபிள்ட்" என்றால் ஸ்விட்சே ஏதோ ஒரு காரணத்துக்காக அந்தப் போர்ட்டை மூடிவிட்டது.

நாட்கனெக்ட்டில் வேலை முழுக்க கையால் செய்வது. நன்றாக இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள், அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். செம்புக் கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டர்தான். சுவருக்குள் நிலையாகப் போகும் பகுதிக்கு 90, இரு பக்கத்து பேட்ச் கேபிள்களுக்கும் சேர்த்து 10 என்பது அதன் கணக்கு. இதைத் தாண்டிய இணைப்புகள் குளிர்ந்த காலையில் வேலை செய்து, வெயிலேறிய பிற்பகலில் விழுவதுண்டு. செம்பின் சமிக்ஞை இழப்பு வெப்பத்தோடு கூடுகிறது.

ஃபைபர் என்றால் வேறு பட்டியல். இரு முனையிலும் ஒரே வகை எஸ்எஃப்பி (ஃபைபரைச் செருகும் சிறு ஒளி மாட்யூல்) இருக்க வேண்டும். சிங்கிள்மோட் எஸ்எஃப்பிக்கு மல்டிமோட் ஃபைபர் போட்டுவிட்டிருக்கலாம். ஒரு முனையின் அனுப்பும் இழை மறுமுனையின் பெறும் துளைக்குப் போக வேண்டும். இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டால் இரு பக்கமும் இருட்டுதான். "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரான்சீவர்" கட்டளை எத்தனை டிபிஎம் ஒளி வந்து சேர்கிறது என்று காட்டும். ஒளி வருகிறது, ஆனால் மிகக் குறைவு என்றால் முதலில் முனைகளைத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு ஃபைபருக்குப் பெரிய தடை. ஒளி வருகிறதா என்று பார்க்க இழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

எர்-டிஸேபிள்ட் என்று வந்தால் உடனே "ஷட்டவுன்", "நோ ஷட்டவுன்" கொடுத்து எழுப்பிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிஸேபிள்ட்" என்று கேட்டால் காரணம் ஒரே சொல்லில் வரும். போர்ட் செக்யூரிட்டி என்றால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் மேக் முகவரிகள் அந்தப் போர்ட்டில் வந்திருக்கின்றன. பிபிடியூ கார்டு (ஸ்விட்சுகள் தங்களுக்குள் அனுப்பும் செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) என்றால் கணினிக்கான போர்ட்டில் யாரோ இன்னொரு ஸ்விட்சைச் செருகியிருக்கிறார்கள். யுடிஎல்டி என்றால் ஃபைபரின் ஒரு திசை அறுந்திருக்கிறது. லிங்க் ஃபிளாப் என்றால் இணைப்பு விழுந்து எழுந்துகொண்டே இருந்திருக்கிறது. காரணத்தைத் தீர்க்காமல் போர்ட்டை எழுப்பினால், ஸ்விட்ச் தடுத்துநிறுத்திய ஆபத்தை நாமே உள்ளே விடுகிறோம். தானாக மீளும் வசதியை இயக்கினால் இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறை அது முயன்று பார்க்கும். தொலைவில் ஆள் இல்லாத இடங்களில் அது பயன்படும். அலுவலகத்துக்குள் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிங் நன்றாக இருக்கிறது, கோப்பு மட்டும் நகரவில்லை

இந்த அறிகுறியால் வீணாகும் மணிநேரங்கள் ஏராளம். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) தடையின்றிப் போகிறது. எனவே "நெட்வொர்க் சரியாக இருக்கிறது, சர்வரைப் பாருங்கள்" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. சர்வர்காரர் நெட்வொர்க்கைப் பார்க்கச் சொல்கிறார். இடையில் பயனர் தவிக்கிறார். பெரும்பாலான நேரம் இது டூப்ளெக்ஸ் முரண்பாடு; ஒரு முனை இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் ஃபுல் முறையிலும், மறுமுனை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் ஹாஃப் முறையிலும் இருப்பது. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடியது என்பதால், இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு முனையில் யாரோ வேகத்தை 100, டூப்ளெக்ஸை ஃபுல் என்று கையால் நிர்ணயித்துவிட்டார்கள். மறுமுனை ஆட்டோவில், அதாவது எதிர்முனையோடு பேசி இவற்றை முடிவுசெய்யும் நிலையில், இருக்கிறது. கையால் நிர்ணயித்த முனை பேச்சுவார்த்தைக்கான துடிப்புகளை அனுப்புவதில்லை. ஆட்டோ முனை, வரும் சமிக்ஞையின் வடிவத்தைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடுகிறது. டூப்ளெக்ஸை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஹாஃப் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஈதர்நெட் தர விதி. ஆக, ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப். விளக்கு இரு பக்கமும் பச்சைதான்.

இப்போது இரண்டும் பேசத் தொடங்குகின்றன. ஃபுல் முனை தோன்றிய நேரத்தில் அனுப்பும். ஹாஃப் முனை தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து சத்தம் வந்தால் அதை மோதல் என்று எண்ணி, அனுப்புவதைப் பாதியில் நிறுத்திவிடும். ஃபுல் முனைக்கு வந்து சேர்வது வால் அறுந்த ஃபிரேம் (ஈதர்நெட் அனுப்பும் தரவுத் துண்டு). பிங் ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அடுத்ததை அனுப்புகிறது. இரு திசையிலும் ஒரே நேரத்தில் போக்குவரத்து இல்லாததால் மோதலும் இல்லை. பெரிய கோப்பு நகரும்போது தரவு ஒரு திசையில், ஒப்புகை எதிர்த் திசையில் என்று இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. அப்போதுதான் எல்லாம் சிதறுகிறது.

ஆகவே இரு முனைக் கவுன்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாஃப் பக்கத்தில் "லேட் கொலிஷன்" ஏறிக்கொண்டிருக்கும். அதாவது ஃபிரேமின் முதல் 64 பைட்டுகள் போன பிறகு நடந்த மோதல். ஃபுல் பக்கத்தில் "சிஆர்சி"யும் (கெட்டுப்போன ஃபிரேம்கள்) "ரன்ட்ஸ்"உம் (அளவில் குறைந்த ஃபிரேம்கள்) ஏறும். இந்த ஜோடியைப் பார்த்துவிட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஃபுல் முனையை மட்டும் பார்த்தவர் சிஆர்சி என்றதும் கேபிளை மாற்றுவார்; புதுக் கேபிளிலும் பிழை அப்படியே இருக்கும்.

தீர்வு, இரு முனையையும் ஆட்டோவில் விடுவது. வேகத்தைக் கையால் நிர்ணயிக்கும் பழக்கம் 1990களில், ஆட்டோ பேச்சுவார்த்தை நம்பகமாக இல்லாத காலத்தில் வந்தது. செம்புக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு ஆட்டோ பேச்சுவார்த்தை கட்டாயம் என்று தரமே சொல்கிறது. எதிர்முனை மிகப் பழைய கருவி, அதில் ஆட்டோவே இல்லை என்றால் மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல நிர்ணயியுங்கள். போர்ட்டின் விளக்கவரியில் காரணத்தையும் எழுதிவையுங்கள்.

லேட் கொலிஷன் இல்லை, இரு பக்கமும் ஃபுல், ஆனாலும் சிஆர்சி ஏறுகிறது என்றால் அப்போது கேபிள், முனை, எஸ்எஃப்பி, மின்குறுக்கீடு என்று தேடலாம். சிஆர்சி கணக்கு பெறும் பக்கத்தில் ஏறுகிறது. எனவே குறை அந்தப் போர்ட்டை நோக்கி வரும் வழியில் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. கட்-த்ரூ முறையில் இயங்கும் ஸ்விட்சுகள் ஃபிரேமின் வால் வந்து சேரும் முன்பே முன்பகுதியை அனுப்பத் தொடங்கிவிடும். எனவே கெட்டுப்போன ஃபிரேமும் அடுத்தடுத்த ஸ்விட்சுகளுக்குப் போய்விடும். சிஆர்சி தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் இன்னொன்று என்று ஆகிவிடும். கவுன்டர் ஏறும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே பின்னோக்கிப் போனால் மூலம் கிடைக்கும்.

இணைப்பு 1000க்குப் பதில் 100இல் நிற்கிறது என்றால் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள், அதாவது இரண்டு ஜோடிகள் போதும். பல ஸ்விட்சுகளில் டிடிஆர் சோதனை உண்டு. எந்த ஜோடி, ஏறத்தாழ எத்தனை மீட்டர் தொலைவில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். சோதனை நடக்கும் சில நொடிகள் இணைப்பு விழக்கூடும் என்பதால் பயனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிழை எதுவும் இல்லாமல் "அவுட்புட் டிராப்ஸ்" மட்டும் ஏறினால் போர்ட்டுக்கு வரும் போக்குவரத்து அதன் கொள்ளளவைத் தாண்டுகிறது. வரைபடத்தில் 20 சதவீதம்தான் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். அது ஐந்து நிமிடச் சராசரி. 10 கிகாபிட் போர்ட்டிலிருந்து 1 கிகாபிட் போர்ட்டுக்கு சில மில்லிநொடிகள் வெள்ளமாக வந்தாலே பஃபர் நிரம்பிவிடும்.

இன்னொன்று: சிறிய பிங் போகிறது, பெரியது போகவில்லை என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த அதிகபட்ச அளவு. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டையும் சேர்த்தால் 1500. அது போகவில்லை என்றால் வழியில் எங்கோ அளவு குறைந்திருக்கிறது. ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரியது) பயன்படுத்துபவர்கள் வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் அதை இயக்கியிருக்க வேண்டும். ஒன்றில் விட்டாலும் அந்த ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

விளக்கு எரிகிறது, ஐபி கிடைக்கவில்லை

கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறது; அதாவது ஐபி தரும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. முதலில் கையால் ஒரு சரியான ஐபியைக் கொடுத்து கேட்வேயை (நெட்வொர்க்கின் வெளிவாசலான ரௌட்டரை) பிங் செய்யுங்கள். போகவில்லை என்றால் டிஎச்சிபியைக் குறைசொல்ல வேண்டாம், வீலான்தான் தவறு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

போகிறது என்றால், கேபிளைச் செருகி அரை நிமிடம் கழித்து மறுபடி ஐபி கேட்டுப் பாருங்கள். இப்போது கிடைத்தால் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டைக் காத்திருக்காமல் திறக்கும் வசதி) இயக்கப்படவில்லை. லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவத்தில் ஒரு போர்ட் லிசனிங்கில் 15 நொடி, லேர்னிங்கில் 15 நொடி என்று மொத்தம் 30 நொடி காத்திருந்த பிறகே போக்குவரத்தை விடும். அதற்குள் கணினி கேட்டுச் சலித்துவிடுகிறது.

போலி டிஎச்சிபி சர்வர்களைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் புதிதாக இயக்கிய அன்று யாருக்குமே ஐபி வரவில்லை என்றால், அப்லிங்க் போர்ட்டில் "டிரஸ்ட்" கொடுக்க மறந்துவிட்டார்கள். ஸ்விட்ச் சரியான சர்வரின் பதிலையே போலி என்று எறிந்துகொண்டிருக்கும். மாறாக, சிலருக்கு மட்டும் வேறு வரிசையில் ஐபி வருகிறது என்றால் யாரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். தவறான ஐபி பெற்ற கணினியில் கேட்வேயின் மேக் முகவரியைப் பாருங்கள். "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" அந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று காட்டிவிடும்.

ஒரே ஸ்விட்சுக்குள் பேசுகிறது, அடுத்த ஸ்விட்சுக்குப் போகவில்லை

ஸ்விட்சுகளுக்கு இடையே பல வீலான்களைச் சுமக்கும் இணைப்பான டிரங்க்கில் ஒரு வீலான் தொலைந்திருக்கிறது. "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்" கட்டளையின் வெளியீட்டை மேலிருந்து கீழாகப் படிக்கத் தெரிந்தால் இது இரண்டு நிமிட வேலை. அதில் நான்கு தொகுதிகள் இருக்கும். முதலாவதில் போர்ட் டிரங்க் ஆகியிருக்கிறதா, நேட்டிவ் வீலான் (குறியில்லாத ஃபிரேம்கள் சேரும் வீலான்) எது என்று தெரியும். இரண்டாவதில் அந்த டிரங்க்கில் அனுமதிக்கப்பட்ட வீலான்கள். மூன்றாவதில் அனுமதிக்கப்பட்டு, ஸ்விட்சிலும் உயிரோடு இருப்பவை. நான்காவதில் ஸ்பானிங் ட்ரீ உண்மையிலேயே கடத்திக்கொண்டிருப்பவை.

வீலான் 30ஐத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் தொகுதியில் போர்ட்டே இல்லை என்றால் அது ஆக்சஸ் (ஒரே வீலானுக்கான போர்ட்) ஆகக் கிடக்கிறது. இரண்டாவதில் 30 இல்லை என்றால் அனுமதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் காணவில்லை என்றால் இந்த ஸ்விட்சில் வீலான் 30 உருவாக்கப்படவே இல்லை. மூன்றாவதில் இருந்து நான்காவதில் இல்லை என்றால் ஸ்பானிங் ட்ரீ இந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. வேறு வழி திறந்திருந்தால் அது இயல்பானதே. எண் எந்தத் தொகுதியில் மறைகிறதோ அங்கேதான் குறை. எதிர்முனையிலும் இதையே செய்யுங்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்கெனவே 10, 20 ஓடும் டிரங்க்கில் 30ஐச் சேர்க்க "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலான் ஆட் 30" என்று கொடுக்க வேண்டும். "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டால் பட்டியல் முழுவதும் அழிந்து 30 மட்டும் நிற்கும். 10, 20இல் உள்ள எல்லோரும் அந்த நொடியே துண்டிக்கப்படுவார்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் மேலாண்மை வீலானும் அதில் இருந்தால் நீங்களும்தான். எனவே தொலைவிலுள்ள ஸ்விட்சில் டிரங்க்கைத் தொடும் முன், சேமிக்காத நல்ல மாற்றம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, "ரீலோட் இன் 10" கொடுங்கள். மாற்றம் சரியாக அமைந்தால் "ரீலோட் கேன்சல்" கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுபடி தொடங்கி, சேமித்திருந்த பழைய அமைப்புக்குத் திரும்பும். ரீபூட் நமக்கு நண்பனாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

நேட்டிவ் வீலான் இரு முனையிலும் வேறுவேறாக இருந்தால் குறியில்லாத ஃபிரேம்கள் ஒரு வீலானில் புறப்பட்டு வேறு வீலானில் இறங்கும். சிடிபி (அண்டை ஸ்விட்சோடு தகவல் பகிரும் சிஸ்கோ வசதி) ஓடினால் லாகில் அதுவே புகார் எழுதும். அந்த வரியைத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது

ரேக்கைத் திறந்தால் எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல மின்னுகின்றன. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழையும் வழி) கிடைக்கவில்லை. ஸ்விட்சில் நேரடியாக மாட்டும் கன்சோலில் எழுத்து அடித்தால் மெல்ல மெல்ல வருகிறது. இது லூப்.

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் சாகும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. ஸ்விட்சுகளுக்கு இடையே வட்டம் ஒன்று அமைந்துவிட்டால் எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றும். சுற்றும்போதெல்லாம் எல்லாப் போர்ட்டிலும் பிரதி எடுத்து அனுப்பப்படும். இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தார்.

இந்தக் கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லலாம். படிப்படியாக ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க் அது. ஸ்பானிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் சில நாட்கள் காகிதத்தில் எழுதியே மருத்துவமனையை நடத்த வேண்டியிருந்தது. ரௌட்டர் இல்லாமல் ஸ்விட்சுகளால் மட்டும் ஆன லேயர் 2 நெட்வொர்க்கை ஏன் அளவில்லாமல் நீட்டக்கூடாது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

செய்ய வேண்டியது: கன்சோல் கேபிளோடு மைய ஸ்விட்சுக்குப் போங்கள். 9600 வேகம், 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். லாகில் "ஹோஸ்ட்" என்று தொடங்கி ஒரு மேக் முகவரியும் வீலான் எண்ணும் சொல்லி, அது இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் இடையே ஃபிளாப் ஆகிறது (மாறி மாறித் தாவுகிறது) என்று வரிகள் வந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு போர்ட்டுகளில் ஒன்று சரியான வழி, மற்றது லூப்பின் வாய். கணினிகள் மட்டும் இருக்க வேண்டிய பக்கத்துப் போர்ட்டை ஷட்டவுன் செய்யுங்கள். விளக்குகள் சில நொடியில் அடங்கினால் அதன் மறுமுனை ஸ்விட்சுக்குப் போய், அங்கும் இதே வழியில் இறங்குங்கள். கன்சோலே உயிரில்லாமல் கிடந்தால் இரட்டை அப்லிங்க்குகளில் ஒன்றை, அதுவும் அடங்கவில்லை என்றால் கீழ்நிலை ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றுவதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடங்கிய பிறகு அடுத்த கேள்வி, ஸ்பானிங் ட்ரீ ஏன் தடுக்கவில்லை என்பது. மேசைக்கடியில் இருக்கும் நிர்வகிக்க முடியாத சிறிய ஸ்விட்சில் ஒரு கேபிளின் இரு முனையையும் செருகியிருப்பார்கள். ஐபி ஃபோனின் இரண்டு துளைகளையும் சுவரில் இணைத்திருப்பார்கள். போர்ட்டில் பிபிடியூ ஃபில்டர் போட்டு ஸ்பானிங் ட்ரீயின் காதையும் வாயையும் யாரோ அடைத்திருப்பார்கள். ஃபைபரின் ஒரு திசை மட்டும் செத்து, அடைத்திருந்த போர்ட் எதிர்முனையின் குரல் கேட்காததால் திறந்துகொண்டிருக்கும்.

கணினிகளுக்கான எல்லாப் போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட்டோடு பிபிடியூ கார்டையும், பிராட்காஸ்ட் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த ஸ்டார்ம் கன்ட்ரோலையும் இயக்குங்கள். ஃபைபர்களில் யுடிஎல்டி வையுங்கள். ரூட் பிரிட்ஜ் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்) எது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். எல்லா ஸ்விட்சும் இயல்பாக 32768 என்ற முன்னுரிமையோடு வருகின்றன. சமன் ஆகும்போது சிறிய மேக் முகவரி உள்ளது ரூட் ஆகிறது. ஒரே நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் பழையதற்கே பெரும்பாலும் சிறிய முகவரி இருக்கும் என்பதால், மூலையில் கிடக்கும் முதிய ஸ்விட்ச் முழு நெட்வொர்க்குக்கும் தலைமை ஏற்றுவிடும். மைய ஸ்விட்சுக்கு 4096, அதன் மாற்றுக்கு 8192 என்று கொடுத்துவிடுங்கள்.

அவ்வப்போது சில நொடிகள் எல்லோருக்கும் திணறுகிறது

"ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்" கொடுத்து, டோபாலஜி சேஞ்ச் (நெட்வொர்க் அமைப்பு மாற்றம்) எத்தனை, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்ற வரியைப் பாருங்கள். மாற்றம் ஒவ்வொன்றும் மேக் முகவரிப் பட்டியலை முன்கூட்டியே காலி செய்யவைக்கிறது. முகவரி தெரியாத போக்குவரத்தை ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டிலும் கொட்டுகிறது. எந்தப் போர்ட் என்று சொல்கிறதோ அதன் மறுமுனைக்குப் போய் அங்கும் அதே கட்டளையைக் கொடுங்கள். இறுதியில் போர்ட்ஃபாஸ்ட் இல்லாத ஒரு கணினிப் போர்ட்டிலோ, விழுந்து எழும் ஓர் அப்லிங்க்கிலோ போய் நிற்பீர்கள்.

கேமரா இரவில் மட்டும் அணைந்து எரிகிறது

இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமராவுக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும், நெட்வொர்க் கேபிள் வழியே வரும் பிஓஇ மின்சாரம் போதவில்லை. 2003இன் 802.3ஏஎஃப் தரம் போர்ட்டில் 15.4 வாட் கொடுக்கிறது, கேபிளில் போக 12.95 வாட் கருவிக்கு உறுதி. 2009இன் 802.3ஏடி 30 வாட் வரை, 2018இன் 802.3பிடி நான்கு ஜோடியிலும் அனுப்பி 90 வாட் வரை.

போர்ட்டின் வரம்பு ஒன்று, ஸ்விட்சின் மொத்த வரம்பு இன்னொன்று. 24 போர்ட்டை 15.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 370 வாட். அந்த அளவு மின்வழங்கி உள்ள ஸ்விட்சில் எல்லாப் போர்ட்டிலும் 30 வாட் கருவி மாட்டினால் பாதிக்கு மேல் எழாது. "ஷோ பவர் இன்லைன்" மிச்சத்தைக் காட்டும். கருவி உண்மையில் 5 வாட் எடுத்தாலும், தன் வகையைச் சரியாகச் சொல்லாவிட்டால் ஸ்விட்ச் அதற்கு முழு 15.4ஐயும் ஒதுக்கிவைக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். செம்புப் பூசிய அலுமினியக் கேபிளை பிஓஇக்குப் பயன்படுத்தவே கூடாது. மின்தடை அதிகம், சூடேறும்.

பயனர்களுக்குச் சரி, ஸ்விட்சுக்குள் நுழைய முடியவில்லை

ஒரே வீலானிலிருந்து போகிறது, வெளியிலிருந்து போகவில்லை என்றால் கேட்வே. ரௌட்டிங் இயக்காத ஸ்விட்ச் "ஐபி டிஃபால்ட்-கேட்வே"யைப் பயன்படுத்தும். ரௌட்டிங்கை இயக்கியதும் அதைக் கண்டுகொள்ளாது, டிஃபால்ட் ரூட் தனியாகக் கொடுக்க வேண்டும். மேலாண்மை வீலானின் இன்டர்ஃபேஸ் கீழே கிடந்தால் அந்த வீலானில் உயிருள்ள போர்ட் ஒன்றுகூட இல்லை. பிங் போகிறது, எஸ்எஸ்எச் மட்டும் மறுக்கிறது என்றால் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கப்பட்டிருக்கிறதா, பழைய அமர்வுகள் விடிஒய் வரிகளை (தொலைவிலிருந்து நுழைவோருக்கான இடங்களை) அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு கேபிள் கட்டியும் ஒன்றுதான் வேலை செய்கிறது

பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் எல்ஏசிபியில் இரு முனையும் "பேசிவ்" என்றால் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்; ஒரு பக்கமாவது "ஆக்டிவ்" வேண்டும். கட்டு சரியாக அமைந்தும் சுமை ஒன்றிலேயே விழுகிறது என்றால் அது கோளாறு இல்லை. ஒரு தொடர்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கம்பியில்தான் போகும். பல தொடர்புகள் இருந்தால்தான் பங்கீடு நடக்கும். எல்லாம் ஒரு ரௌட்டரின் மேக்கையே நோக்கிப் போகும் இடத்தில், பகிர்வு முறையை மேக்கிலிருந்து ஐபிக்கு மாற்றினால் பலன் தெரியும்.

புது ஸ்விட்சை இணைத்ததும் வீலான்கள் எல்லாம் மறைந்துவிட்டன

இது விடிபி, வீலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்கு இடையே பரப்பும் சிஸ்கோ வசதி. அதே டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட, ரிவிஷன் எண் கூடுதலான பழைய ஸ்விட்ச் ஒன்றை இணைத்தால், முதல் இரண்டு பதிப்புகளில் மற்றவை எல்லாம் தங்கள் வீலான் பட்டியலை அழித்துவிட்டு அதனுடையதை ஏற்கும். போர்ட்டுகள், இப்போது இல்லாமல்போன வீலானைச் சுட்டிக்கொண்டு செயலற்று நிற்கும். முதலில் புதியதைக் கழற்றுங்கள். பிறகு ஒரு சர்வர் ஸ்விட்சில் வீலான்களைத் திரும்ப உருவாக்குங்கள், போர்ட்டுகள் தானாக உயிர்பெறும்.

பயன்படுத்திய ஸ்விட்சை இணைக்கும் முன் "ரைட் எரேஸ்" மட்டும் போதாது. விடிபி சர்வராக இருக்கும் ஸ்விட்சில் வீலான் பட்டியலும் ரிவிஷன் எண்ணும் ஃபிளாஷில் உள்ள "வீலான்.டாட்" என்ற கோப்பில் இருக்கின்றன, அமைப்பை அழித்தாலும் அது அப்படியே இருக்கும். அந்தக் கோப்பையும் அழித்து மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது டிரான்ஸ்பரன்ட் நிலைக்கு மாற்றி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். "ஷோ விடிபி ஸ்டேட்டஸ்" ரிவிஷன் 0 என்று காட்டிய பிறகே கேபிளைச் செருகுங்கள்.